எட்டாம் நம்பர் தோட்டா

கார்க்கைப் பிடுங்கியதும் முதலில் வருவது பித்தளை வாசம். ஒரு மூச்சு தள்ளி, எரிந்த அட்டையின் வாசம். இத்தனை வருஷம் கழித்தும் அது போகவில்லை. ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு வீடே ஈரத்தில் ஊறிக் கிடக்கும் நாட்களில் இன்னும் கொஞ்சம் தூக்கலாகவே வருகிறது.

என் தறிக்குப் பக்கத்துச் சுவரில் தொங்கும் தகர டப்பாவில் அந்தக் காலித் தோட்டா இருக்கிறது. சிவப்பு அட்டைக் குழல், அடியில் பித்தளைத் தொப்பி. அறுந்த பாவு இழையை இழுத்துக் கட்டும் கொக்கி ஊசியை அந்தக் குழலுக்குள்தான் போட்டுக் கார்க்கால் மூடி வைக்கிறேன். இழை அறுந்தால் ஊசி வேண்டும். ஊசி வேண்டுமென்றால் கார்க்கைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் தாமல் ஏரி வந்துவிடும். ஏரி, ஏரிக்கரை, விடியாத வானம், வேர்க்கடலைக் கொடியின் பச்சை நெடி, பக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு என் தோழன். நல்ல பட்டு அறுவதே இல்லை என்பார்கள். எனக்கு அறுந்தால்தான் சந்தோஷம்.

அறுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்துநாலு வயது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டுக்குள் இரண்டு தறி. ஒன்றில் அப்பா, ஒன்றில் நான். தறிக் குழிக்குள் கால் இருக்கும், மனசு இருக்காது. நாடா இழையை இழுத்துக்கொண்டு இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போவதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எனக்கும் எங்கேயாவது போக வேண்டும் போலிருக்கும். போகிற இடம் பெரும்பாலும் தாமல்தான். வேலூர் ரோட்டில் பஸ் பிடித்தால் கொஞ்ச நேரம். உயர்நிலைப் பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழன் அங்கே இருந்தான். ஏரியை ஒட்டி நிலம், கிணறு, ஒரு ஜோடி மாடு, அவனுடைய நைனா, ஒரு துப்பாக்கி.

நைனா என்றால் அவன் அப்பா. அவன் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அவர் நைனாதான். துப்பாக்கி ஒற்றைக்குழல், குழல் அளவு பன்னிரண்டு போர். பயிரைக் காக்க என்று லைசென்ஸ் கொடுத்தது. நைனாவுக்குக் கண் மங்கியதும் லைசென்ஸ் மகன் பெயருக்கு மாறியது. மாறின வருஷமே விபரீதம் நடந்தது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும்.

கடலை காய் பிடிக்கும் மாசத்தில் மேற்கே புதர்க்காட்டிலிருந்து பன்றிகள் இறங்கும். ஒரு கூட்டம் இறங்கினால் அரைக் காணி உழுத மாதிரி ஆகிவிடும். அந்த வருஷம் தோழன் ஒரு விடியற்காலையில் வரப்பில் நின்று பெரிய பன்றி ஒன்றைச் சுட்டான். சரியாகத் தோளில்தான் சுட்டேன் என்றான். பன்றி விழவில்லை. உடம்பைச் சிலிர்த்தது, திரும்பியது, வரப்பில் கம்போடு வந்துகொண்டிருந்த நைனாவின் தொடையைக் கிழித்துவிட்டுப் போயிற்று. பதினாலு தையல்.

ஊர் சும்மா இருக்குமா? அவனைப் பார்த்தால் டீக்கடையில் யாராவது ஒருவர் கேட்பார்: "இன்னாப்பா, பன்னிக்குப் பேன் பாத்து முடிச்சிட்டியா?"

நைனா எதையும் கிண்டலாகவே எடுத்துக்கொள்கிறவர். வேட்டியை விலக்கித் தழும்பை என்னிடம் காட்டி, "பாத்தியா தறிக்காரரே, பதினாலு. உன்னால கூட இப்டி வரிசையா போட முடியாது" என்று சிரித்தார். ஆனால் மகனிடம் சிரிக்கவில்லை. அடுத்த வருஷம் கடலை காய் பிடித்தபோது சொல்லிவிட்டார்:

"இந்த வாட்டி ஒரே வெடி. உழுந்தா உழுந்துது. அடிபட்டு ஓடிச்சுன்னு வை, துப்பாக்கியைக் கொண்டு போயி ஸ்டேஷன்ல குடுத்துட்டு வந்துடு. உன் கைக்கு அது வாணாம்."

தோழனுக்குத் தூக்கம் போயிற்று. தை மாசம் அவனுக்குக் கல்யாணம். முகூர்த்தப் புடவை என் தறியில் ஏறப்போகிறது. பெண் வீட்டார் பக்கத்து ஊர்க்காரர்கள், பேன் கதை அங்கேயும் போய்ச் சேர்ந்திருந்தது. துப்பாக்கியையும் ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு மாப்பிள்ளையாகப் போய் உட்கார்வதை அவனால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. தோட்டா வாங்க டவுனுக்கு வந்தவன் நேராக என் தறிக்கு வந்து நின்றான்.

"வாடா, நீயும் வா. போன வாட்டியும் நீதானே வந்தே."

ஆமாம், போன தடவையும் நான்தான் போனேன். தீபாவளிக்கு முந்தின வாரம். தோட்டா விற்கிற அந்தக் கடையில்தான் பட்டாசும் விற்றார்கள். கடை முழுக்கக் கூட்டம். முதலாளி பாய் அன்றைக்கு இல்லை. வேலைக்கு இருந்த ஆள் லைசென்ஸைப் பார்த்துவிட்டு, "இன்னா நம்பர்?" என்று மட்டும் கேட்டான். தோழனுக்குத் தெரியாது. அவன் என்னைப் பார்த்தான். அலமாரியில் நாலு, ஆறு, எட்டு என்று அட்டைப் பெட்டிகள். வேறு சில பெட்டிகளில் எல்.ஜி., எஸ்.ஜி. என்று எழுத்து. அதைக் கம்பெனிப் பெயர் என்று நினைத்தேன். "பன்னிக்குத்தானே? இருக்கறதுலயே பெரிய நம்பரா வாங்குடா. எட்டு" என்றேன். எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை.

இந்த முறை பாய் இருந்தார். வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

"என்ன ஜானவர்? எந்த மிருகத்துக்கு?" என்றார்.

"பன்னி, பாய்."

அவர் மேஜை இழுப்பறையிலிருந்து மரத்தட்டு ஒன்றை எடுத்து வைத்தார். தட்டில் வரிசையாகச் சின்னக் கண்ணாடிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஈயக் குண்டு, ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு. எல்.ஜி. என்ற குப்பியில் மூக்குக்கடலை அளவுக்கு ஆறு. எஸ்.ஜி.யில் பட்டாணி அளவுக்கு ஒன்பது. நாலாம் நம்பரில் கொத்தமல்லி விதை. ஆறில் அதைவிடச் சின்னது. எட்டில்—

எட்டாம் நம்பர் குப்பியைக் கையில் எடுத்தேன். உள்ளே கம்பு. கம்பு தானியம் போலவே, நூற்றுக்கணக்கில், சலசலவென்று.

"இது எதுக்கு பாய்?"

"காடைக்கு. சின்னக் குருவிக்கு."

தோழன் மெதுவாகச் சொன்னான்: "போன வருசம் இதத்தான் வாங்கினோம்."

"எட்டா? பன்னிக்கா? அரே!" பாய் வெற்றிலையைத் துப்ப எழுந்து போனவர் பாதியில் நின்று சிரித்தார். "முதுகு சொறிஞ்சு விட்டிருக்கீங்க. அது கோவத்துல இல்ல தம்பி, சொகத்துல திரும்பியிருக்கும்."

தோழன் சிரிக்கவில்லை. அவன் முகத்தில் ஒன்று விடிந்துகொண்டிருந்தது. குறி தப்பவில்லை, தோளில்தான் பட்டது. ஒரு வருஷமாகத் தன் கையைத் தானே சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தவன் கையை விரித்துப் பார்த்துக்கொண்டான். அப்புறம் என்னைப் பார்த்தான்.

நான் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டில் வளர்ந்தவனுக்கு மட்டுமே வருகிற பிழை அது. எங்களுக்கு எண் ஏறினால் கனம் ஏறும். ரெண்டிழை முறுக்கைவிட மூணிழை தடி, மூணைவிட நாலு தடி. தொட்டிலில் கிடக்கும்போதே காதில் விழுந்த கணக்கு. பருத்தி நெய்கிறவன் எவனாவது அன்றைக்கு என்னோடு வந்திருந்தால் இந்தக் கதையே இல்லை. அவனுக்கு நாற்பதாம் நம்பர் நூல் தடி, நூறாம் நம்பர் நூல் மெலிசு. அய்யம்பேட்டையில் பருத்தித் தறி போட்ட எந்த ஆளும் அலமாரியைப் பார்த்ததுமே எட்டு நைசு என்று சொல்லியிருப்பான். நான் பட்டுக்காரன். என் ஜாதகத்திலேயே பெரிய எண் என்றால் பெரிசு.

கடைக்கு வெளியே வந்ததும் சொன்னேன்: "நைனா கிட்ட நானே சொல்லிடறேன்."

"ஒண்ணும் வாணாம், கம்முனு இரு."

"ஊரே உன்னப் பேசுது."

"பேசட்டும். நீ போயி சொன்னேன்னு வை, அவரு இன்னா கேப்பாரு? நம்பர் தெரியாதவனா எம்மருமவளுக்குப் பொடவை நெய்யறான்னு கேப்பாரு. வேற தறிக்குப் போயிடுவாரு. அவர உனக்குத் தெரியாது."

தெரியும். அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அன்று முதல் அந்தத் தழும்பு என் பக்கமே திரும்பி உட்கார்ந்துகொண்டது.

துப்பாக்கிக்குத் துப்பாக்கி மாறும், சுட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள் என்று பாய் எடுத்துக் கொடுத்த மூன்று வகையிலும் கொஞ்சம் வாங்கியிருந்தோம். ஒற்றைக் குண்டு, எஸ்.ஜி., எல்.ஜி. எது என்பதுதான் முடிவாகவில்லை. தோழனுக்கு ஒற்றைக் குண்டின் மேல் கண். நெல்லிக்காய் போல ஒரே உருண்டை. "ஒண்ணு பட்டா போதும்டா, எருமையே உழும்." எனக்கு அந்த 'பட்டா' என்ற வார்த்தையில் பயம். போன முறை ஊகத்தில் சொன்னேன், இந்த முறை எண்ணாமல் எதையும் சொல்வதில்லை என்று இருந்தேன். நெய்கிறவனுக்கு எண்ணுவது ஒன்றுதான் தெரியும். ஒரு சாண் அகலத்தில் எத்தனை இழை என்று கண்ணாலேயே எண்ணுகிறவர்கள் நாங்கள். துளையை எண்ண முடியாதா?

மறுநாள் மத்தியானம் என் பழைய வேட்டி ஒன்றை எடுத்துக்கொண்டு தாமலுக்குப் போனேன். அம்மாவிடம் புடவைக்குப் பார்டர் மாதிரி காட்டப் போகிறேன் என்றேன். எங்கள் வீடு சுத்த சைவம், முட்டை என்ற சொல்லே மெதுவாகத்தான் புழங்கும். ஏரியின் காய்ந்த கரை ஓரத்தில் மண்மேட்டின் மேல் வேட்டியை விரித்து முளை அடித்தோம். கரியால் அதில் பன்றி வரைந்தேன். புடவைப் பார்டர் போட்ட கைப்பழக்கம், வால் சுருண்டது, பிடரி அலை அலையாய் எழுந்தது, காலில் நகம் வந்தது.

"இன்னாடா இது, பன்னியா யாளியா?"

"பன்னிதான்."

"இத்த சுட்டா கோயில் குருக்கள் சண்டைக்கு வந்துடுவாரு."

நாற்பது தப்படி எண்ணி நின்றான். ஒற்றைக் குண்டு முதலில். சத்தத்தில் ஏரியின் அந்தக் கரைக் கொக்குகள் எல்லாம் எழுந்தன. ஓடிப்போய்ப் பார்த்தேன். முதுகுக்கு மேலே ஒரு சாண் தள்ளி ஒரு துளை. இரண்டாவது, வயிற்றுக்குக் கீழே. அவன் கை நடுங்கவில்லை. அந்தப் பழைய குழல் ஒற்றை உருண்டையை அவ்வளவு தூரம் நேராகக் கொண்டுபோகிற ஜாதி இல்லை, அவ்வளவுதான். எஸ்.ஜி. போட்டான். ஒன்பதில் இரண்டுதான் பன்றியில். ஒன்று பின்னங்காலில், ஒன்று பிட்டத்தில்.

"இது ஓடும்" என்றேன்.

"ஓடும்" என்றான். குரல் இறங்கிப் போயிருந்தது.

நாற்பதில் நின்றால் எல்.ஜி.யும் அதே கதைதான். ஆறில் ஒன்று. அவன் துப்பாக்கியை மடக்கிக்கொண்டு மேட்டில் உட்கார்ந்துவிட்டான். நான் வேட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். துளைகள் தூரம் போகப் போக ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. அப்படியானால் கிட்டே வரவரச் சேர வேண்டும். தோட்டாவை மாற்றிப் பயனில்லை, நிற்கிற இடத்தை மாற்ற வேண்டும்.

"எழுந்திரு. பாதி தூரத்துல நில்லு."

"இருவதா? இருவதுல நின்னா அது மூச்சு நம்ம மேல படும்."

"படட்டும்."

இருபதில் எஸ்.ஜி. ஒன்று, எல்.ஜி. ஒன்று. இரண்டுமே தோளில் சேர்ந்து விழுந்தன. எல்.ஜி. ஒன்றரைச் சாணுக்குள் ஐந்து. ஆறாவது காதில். வேட்டியைக் கழற்றிவிட்டு மண்மேட்டுக்குள் விரலை விட்டுப் பார்த்தேன். எஸ்.ஜி. போன துளையில் நடுவிரல் பாதிதான் இறங்கியது. எல்.ஜி. துளையில் விரல் முழுக்க இறங்கி, அடியில் ஈயம் சுட்டது.

"எல்.ஜி." என்றேன்.

"இருவது தப்படி" என்றான் அவன்.

அவ்வளவு நேரமும் வரப்பு ஓரத்தில் கம்பை ஊன்றிக்கொண்டு நைனா பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். கிட்டே வந்து வேட்டியைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். "தறிக்காரரே, உன் வேட்டிய நல்லாத்தான் ஓட்டை போட்டுக்கினு இருக்கீங்க" என்றார்.

மழை இறங்கியது. அட்டைத் தோட்டா ஈரம் பட்டால் உப்பிக்கொண்டு குழலில் ஏறாது என்று பாய் சொல்லியிருந்தார். மிச்சம் இருந்த எல்.ஜி.யைத் தோழன் அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தான். சாப்பிடும்போது நைனா ஒவ்வொரு கவளத்தையும் விரலால் பிசைந்து பிசைந்து பார்த்தார். "இன்னா நைனா தேடறீங்க?" என்றால், "பல்லு போன வயசுல குண்டு கடிக்க முடியாதுப்பா" என்றார்.

நாலு நாள் கழித்து மழை விட்டது. முந்தின நாள் சாயங்காலமே நான் வந்துவிட்டேன். பன்றிகள் கடலையைத் தின்றுவிட்டு வெளுக்கிற நேரத்தில் வரப்பில் ஒரு உடைப்பு வழியாகத்தான் புதர்க்காட்டுக்குத் திரும்பும். அந்த உடைப்பிலிருந்து இருபது தப்படியை நானே எண்ணி, அங்கே தாழம்புதர் ஓரத்தில் ஒரு மடலை நட்டு வைத்தேன். கருக்கலில் மூன்று பேரும் போய் உட்கார்ந்தோம். நைனா வீட்டில் இருக்கமாட்டேன் என்றுவிட்டார். எங்களுக்குப் பின்னால் கம்பு மேல் கை வைத்து, பதினாலு தையல் போட்ட காலை நீட்டிக்கொண்டு.

சேற்று வாசம். தாழை வாசம். தூரத்தில் வண்டிச் சக்கரம் முனகுகிற சத்தம். கிழக்கே வானம் மாம்பழத் தோல் நிறத்துக்கு வந்தபோது கடலைக் கொடிகள் அசைந்தன. ஒன்று, இரண்டு, மூன்று. குட்டிகள் முதலில் உடைப்பைத் தாண்டின. கடைசியாக அது. போன வருஷத்துப் பன்றியா என்று யார் சொல்ல முடியும்? நைனாவின் மூச்சு மட்டும் என் பிடரிக்குப் பின்னால் நின்றது. அது உடைப்பில் நின்று மூக்கைத் தூக்கியது. இருபது தப்படியில் அதன் கண்ணிமை மயிர்கூடத் தெரிந்தது. எனக்கு எழுந்து ஓட வேண்டும் போலிருந்தது. நான் உட்காரத் தெரியாதவன். அன்றைக்குத்தான் என் வாழ்நாளிலேயே அசையாமல் உட்கார்ந்தேன்.

தோழன் சுட்டான்.

புகை கலைந்தபோது பன்றி நின்ற இடத்திலேயே படுத்திருந்தது. ஒரு கால் மட்டும் இரண்டு முறை உதைத்து நின்றது. ஒன்றும் ஓடவில்லை. ஒன்றும் திரும்பவில்லை. அவன் துப்பாக்கியை மடக்கிக் காலித் தோட்டாவை எடுத்தான். சூடு தாங்காமல் என் மடியில் போட்டான். வாயைத் திறந்து சிரித்தான், சத்தமே வரவில்லை.

நைனா கம்பை ஊன்றி எழுந்து போய்ப் பன்றியின் தோளைப் பார்த்தார். குனிந்து எண்ணினார். நிமிர்ந்து மகனின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"இப்பதான்டா குறி கத்துக்கினே."

தோழன் தலையை ஆட்டினான். அப்படியே வாங்கிக்கொண்டான். அந்தத் தலையாட்டலைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை.

"நைனா, போன வருசமும் குறி சரியாத்தான் இருந்துது" என்றேன். "தோட்டாதான் தப்பு. குருவி சுடற தோட்டா. எட்டாம் நம்பர். வாங்கச் சொன்னது நான். பெரிய நம்பர்னா பெரிய குண்டுன்னு நெனச்சேன்."

"டேய்" என்றான் தோழன்.

நைனா என்னைப் பார்த்தார். பன்றியைப் பார்த்தார். மெதுவாக வேட்டியை விலக்கித் தன் தொடையைப் பார்த்தார்.

"அப்ப இது உன் நெசவா?"

"ஆமா நைனா."

"தையல் போட்டது மட்டும்தான் டாக்டரா?"

அவர் வேட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு வரப்பில் நடக்க ஆரம்பித்தார். பத்து அடி போனதும் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாரோ என்று ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். வழியில் எதிர்ப்பட்ட ஒவ்வொருவரிடமும் நின்று சொன்னார்: "எம்புள்ள குறி போன வருசமே சரிதாம்பா. இதோ இந்தப் பட்டுக்காரன்தான் பன்னிக்குப் பேன் பாக்க வெச்சான்." டீக்கடை வருவதற்குள் அந்தப் பட்டப்பெயர் தோழன் தோளிலிருந்து இறங்கி என் தோளில் ஏறிக்கொண்டது. சொன்னால் நம்பமாட்டீர்கள், அவ்வளவு லேசாக இருந்தது.

துப்பாக்கி அவர்கள் வீட்டுச் சுவரிலேயே இருந்தது. புடவையைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. காலை நாஷ்டா முடிந்தது. நானும் கேட்கவில்லை. வேலூர் ரோட்டுப் புளியமரத்தடிக்கு இருவரும் என்னை வழியனுப்ப வந்தார்கள். சட்டைப் பையில் காலித் தோட்டா இன்னும் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பதுபோல் பட்டது. பஸ் தூரத்தில் தெரிந்ததும் தோழன் தன் அப்பாவை ஓரக்கண்ணால் பார்த்தான். நான் ரோட்டைப் பார்த்தேன்.

பஸ் வந்து நின்றது. நான் படியில் கால் வைத்தேன். நைனா கம்பால் என் முழங்காலில் லேசாகத் தட்டினார்.

"தறிக்காரரே, பொடவை தைக்கு முன்ன வந்துடணும். அதுல எத்தினி இழைன்னு நான் கேக்க மாட்டேன், என் துப்பாக்கிக்கு இனிமே நீ நம்பர் சொல்லாத."